கழற்றி மாட்டும் நோயாளி மானிட்டர்: அனுமதிக் கோட்டை எங்கே போடுவது

தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலருகே இருக்கும் மானிட்டரின் பக்கவாட்டில் நாலைந்து ஸ்லாட்டுகள் இருக்கும். ஒன்றில் ஈசிஜி-யும் எஸ்பிஓ2-வும் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) சேர்ந்த மாட்யூல், பக்கத்தில் தமனிக்குள்ளிருந்தே ரத்த அழுத்தம் அளக்கும் மாட்யூல், அதற்கடுத்து மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மாட்யூல். நோயாளிக்கு எது தேவையோ அதைச் செருகிக்கொள்ளலாம், வேண்டாதபோது உருவிக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு இது பெரிய வசதி. ஆனால் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வசதியே முதல் கேள்வியாக வந்து நிற்கும்: நீங்கள் அனுமதி கேட்பது பெட்டிக்கா, மாட்யூலுக்கா, இரண்டும் சேரும் ஒவ்வொரு சேர்க்கைக்குமா?

ஆறு வகை மாட்யூல், ஐந்து ஸ்லாட், ஸ்லாட் காலியாகவும் இருக்கலாம் என்றால் 462 சேர்க்கைகள் வரும். எது எந்த ஸ்லாட்டில் என்பதையும் கணக்கில் எடுத்தால் (மின்காந்தச் சோதனையில் எடுத்தே ஆக வேண்டும்) 16,807. இதோடு இரண்டு திரை அளவு, மூன்று ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்த மென்பொருள்) பதிப்பு என்று பெருக்கிக்கொண்டே போகலாம். அத்தனையையும் யாரும் சோதிப்பதில்லை. எந்தச் சிலவற்றைச் சோதித்தால் மற்றவற்றுக்கும் அந்த முடிவு பொருந்தும், ஏன் பொருந்தும் என்று எழுத்தில் நிறுவ வேண்டும். அதற்கு மாட்யூலுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள கனெக்டரில் ஒரு கோடு தெளிவாக விழுந்திருக்க வேண்டும். அந்தக் கோடு சர்க்யூட் வரையும்போதே விழ வேண்டிய கோடு. விண்ணப்பம் எழுதும் நேரத்தில் போட முயன்றால் பாதி வடிவமைப்பைப் பிரித்துப் போட வேண்டிவரும்.

510(கே)-யில் எதைக் காட்டுவது

அமெரிக்காவில் இதற்கான பாதை, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ-விடம் தரும் 510(கே) விண்ணப்பம். 1976-ல் வந்த மருத்துவக் கருவிச் சட்டத்திருத்தத்தில் வேர்விட்டது. ஏற்கெனவே சட்டப்படி விற்பனையில் இருக்கும் ஒரு கருவியை முன்னோடியாகக் காட்டி, நம்முடையது அதற்குக் கணிசமாகச் சமமானது என்று நிறுவ வேண்டும். கிடைப்பது 'கிளியரன்ஸ்'. 'அப்ரூவல்' என்பது பெரும்பாலும் ஆபத்து அதிகமுள்ள மூன்றாம் வகுப்புக் கருவிகளுக்கான வேறு பாதை. 510(கே) வாங்கிவிட்டு 'எஃப்டிஏ அப்ரூவ்டு' என்று விளம்பரத்தில் போட்டால் அதுவே தவறான லேபிளிங் ஆகிவிடும்.

மானிட்டருக்கு ஒரே குறியீடு போதாது. இதயத்துடிப்பின் தாளக் கோளாறைக் கண்டுபிடித்து அலாரம் தரும் மானிட்டர் என்றால் விதிப்பிரிவு 870.1025-ன் கீழ் எம்எச்எக்ஸ் என்ற குறியீடு. அந்த வசதி இல்லையென்றால் 870.2300-ன் கீழ் எம்டபிள்யூஐ. இதன்மேல் ஒவ்வொரு அளவீட்டுக்கும் அதனதன் பிரிவும் குறியீடும் சேரும்: ஆக்சிமீட்டருக்கு 870.2700, கைப்பட்டை கட்டி அளக்கும் ரத்த அழுத்தத்துக்கு 870.1130, கார்பன் டை ஆக்சைடுக்கு 868.1400. எல்லாமே இரண்டாம் வகுப்பு. விண்ணப்பத்தில் இவற்றில் ஒன்று விடுபட்டால் அந்த அளவீட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதே பின்னால் சர்ச்சையாகும்.

2023 அக்டோபர் 1 முதல் 510(கே)-யை இ-ஸ்டார் என்ற மின்னணுப் படிவத்தில்தான் அனுப்ப வேண்டும். முதல் 15 நாளில் விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். விண்ணப்பம் வந்த நாளிலிருந்து ஓடும் கடிகாரத்துக்கு இலக்கு 90 நாள். கூடுதல் தகவல் கேட்டால் கடிகாரம் நிற்கும். பதில் தர உங்களுக்கு அதிகபட்சம் 180 நாள். அதற்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். தோற்றுப்போன ஒரு மின்காந்தச் சோதனையைத் திருத்தி, புதிய பலகை அடித்து, மறுபடி லேபில் நேரம் பிடிப்பதற்கு 180 நாள் போதாமல் போவது சாதாரணம். சந்தேகமுள்ள சோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு 'கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்' என்று அனுப்பக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் விண்ணப்பத்தில் பெட்டி, ரேக் (மாட்யூல்கள் செருகும் சட்டம்), அடிப்படை மாட்யூல்கள் எல்லாவற்றையும் ஒரே சிஸ்டமாகக் காட்டுவது நல்லது. பிறகு சேர்க்கும் மாட்யூலுக்குத் தனி விண்ணப்பம் போடலாம். ஆனால் அது எந்தெந்தப் பெட்டியில், எந்த ஃபர்ம்வேர் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். 'எங்கள் எல்லா மானிட்டர்களிலும்' என்ற வரியை எழுதினால், எல்லா மானிட்டர்களிலும் சோதித்த ஆதாரத்தைக் கேட்பார்கள். காலி ரேக்கை மட்டும் தனிக் கருவியாக அனுப்பச் சிலர் யோசிப்பதுண்டு. நோயாளியிடமிருந்து எதையும் அளக்காத ஒரு பெட்டிக்கு முன்னோடியும் பயன்பாட்டு நோக்கமும் எழுதி மாளாது.

பயன்பாட்டு நோக்க வரியில் பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை என்று மூன்று வகை நோயாளிகளையும் எழுதத் தோன்றும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் அந்த மூன்றும் பொருந்துமா என்று பாருங்கள். ஒரு மாட்யூல் பச்சிளங்குழந்தைக்குச் சோதிக்கப்படவில்லை என்றால், பெட்டியில் அந்த நோயாளி வகையைத் தேர்ந்தெடுத்தவுடன் அந்த மாட்யூல் என்ன செய்யும் என்பதை மென்பொருள் விவரக்குறிப்பு சொல்ல வேண்டும்.

நோயாளிக்கும் மின்சாரத்துக்கும் நடுவே

கோட்டைப் போட வேண்டிய முதல் இடம் மின்தனிமை. மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புத் தரநிலையான ஐஇசி 60601-1-ன்படி எஃப் வகை (மண்ணிணைப்பு இல்லாமல் மிதக்கும்) நோயாளி இணைப்புகள் ஒவ்வொன்றும் மண்ணிணைப்பிலிருந்தும் பெட்டியிலிருந்தும் மட்டுமல்லாமல், மற்ற நோயாளி இணைப்புகளிலிருந்தும் தனிமைப்பட்டிருக்க வேண்டும். ஆகவே தனிமைத் தடுப்பை மாட்யூலுக்குள்ளேயே வையுங்கள். தடுப்பு பெட்டியில் இருந்தால் ஒவ்வொரு புது மாட்யூலுக்கும் பெட்டியின் மின்பாதுகாப்பு அறிக்கையைத் திறக்க வேண்டிவரும். மாட்யூலுக்குள் இருந்தால், ஸ்லாட் கனெக்டரில் வருவது 12 வோல்ட்டும் டேட்டாவும் மட்டுமே. பெட்டியில் இருக்கும் பவர் சப்ளை 250 வோல்ட் மின்வழிக்கு எதிராக இரண்டு நோயாளிப் பாதுகாப்பு அடுக்குகளைத் தர வேண்டும்: மேற்பரப்பு வழி தூரம் 8 மில்லிமீட்டர், காற்று வழி 5 மில்லிமீட்டர், 4000 வோல்ட் தாங்குசோதனை.

இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சிஎஃப் வகைக்கு நோயாளிக் கசிவு மின்னோட்டம் இயல்பு நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர், ஒரு பழுது நேர்ந்த நிலையில் 50. இதை மாட்யூல் மாட்யூலாக அளந்து பாஸ் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே தரநிலையில் மொத்த நோயாளிக் கசிவு என்று ஒரு வரி உண்டு: ஒரே வகையைச் சேர்ந்த எல்லா இணைப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அளக்க வேண்டும். சிஎஃப்-க்கு இயல்பு நிலையில் அதன் வரம்பு 50 மைக்ரோ ஆம்பியர். ஒவ்வொன்றும் 9 கசியும் ஐந்து சிஎஃப் மாட்யூல் என்றால் 45, பிழைத்தது. பெட்டிக்குள்ளேயே நிலையாக ஆறாவதாக ஒரு சிஎஃப் இணைப்பு இருந்தால் 54. தனித்தனியாக எல்லாம் பாஸ், சேர்த்தால் ஃபெயில். அதனால் ஒரு மாட்யூலுக்கு 10 என்று எழுதாமல், 50-ஐ அதிகபட்ச இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதிலும் கொஞ்சம் குறைத்து உள்வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு இணைப்புக்கு 7 வைத்தால் நிம்மதி.

இன்னொரு பொறி மின்காந்தச் சோதனை அறையில் காத்திருக்கும். கருவி வெளிவிடும் மின்காந்த உமிழ்வு வரம்பைத் தாண்டுகிறது. தனிமைத் தடுப்பின் குறுக்கே ஒரு ஒய் வகைப் பாதுகாப்பு கெபாசிட்டரை வைத்தால் கீழே இறங்கிவிடும் என்று லேபில் நிற்பவருக்குத் தெரியும். 470 பிகோஃபாரட் ஒன்றை வைக்கிறார், உமிழ்வும் இறங்குகிறது. இப்போது நோயாளி இணைப்பில் வெளியிலிருந்து மின்வழி அழுத்தம் வந்தால் என்ன ஆகும் என்ற சோதனையைப் பாருங்கள். 240 வோல்ட்டில் 110 சதவீதம், அதாவது 264 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சிஎஃப் வரம்பு 50 மைக்ரோ ஆம்பியர். கணக்குப் போட்டால் தடுப்பின் குறுக்கே மொத்தம் சுமார் 500 பிகோஃபாரட் வரைதான் இடம் இருக்கிறது. தனிமைப்படுத்திய டிசி-டிசி மாற்றியின் டிரான்ஸ்ஃபார்மர், டேட்டா ஐசோலேட்டர், பலகையின் செப்புத் தளங்கள், நோயாளி கேபிள் எல்லாம் அதில் ஏற்கெனவே பங்கு எடுத்திருக்கும். 470-க்கு அங்கே இடமே இல்லை. உமிழ்வைக் குறைக்க மாற்றியின் சுவிட்சிங் விளிம்பை மெதுவாக்குவது, டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஷீல்டு வைப்பது, மாட்யூலின் இரு பக்கமும் காமன் மோடு சோக் போடுவது என்று மற்ற வழிகளைத்தான் பார்க்க வேண்டும்.

டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) சோதனை என்பது 32 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 5 கிலோவோல்ட்டுக்கு ஏற்றி விடுவது. ஈசிஜி அலைவடிவம் 5 விநாடிக்குள் மீண்டும் திரையில் தெரிய வேண்டும். மாட்யூல் அமைப்பில் கவனிக்க வேண்டியது, அதிர்ச்சி வாங்கும் மாட்யூல் பிழைத்தாலும் பக்கத்து ஸ்லாட்டில் இருப்பது ரீசெட் ஆகிறதா என்பது. அது ரீசெட் ஆனால், மாட்யூல்கள் எல்லாம் போய்ச் செருகும் பின்தளப் பலகையின் தரைத்தளத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. இந்தச் சோதனையை நடுவில் உள்ள ஸ்லாட்டில், இரு பக்கமும் மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் லேபில் ஒற்றை மாட்யூலோடு முடித்துவிடுவார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது செருகுவது

மானிட்டரை அணைக்காமல் மாட்யூலைச் செருகுவார்கள். அது பயன்பாட்டின் இயல்பு. ஆகவே சோதனையின் பகுதியும்கூட. மாட்யூலின் உள்வழியில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால், செருகும் நொடியில் அது காலியான தொட்டி மாதிரி 12 வோல்ட்டை இழுக்கும். பின்தளத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், பக்கத்து மாட்யூல் மறுபடி தொடங்கும், திரையில் ரத்த அழுத்த அலை சில விநாடிக்குக் காணாமல் போகும். எல்லாம் பொருந்திய நேரத்தில் பலமுறை எதுவும் நடக்காது; எல்லா ஸ்லாட்டும் நிரம்பி, பேட்டரியில் ஓடும்போது மட்டும் நடக்கும்.

இதற்குச் சரியான ஏற்பாடு கனெக்டரிலேயே இருக்கிறது. தரை ஊசி எல்லாவற்றையும்விட நீளம்: முதலில் தொட்டு, கடைசியில் விடும். அடுத்த நீளத்தில் மின்வழி. எல்லாவற்றையும்விடக் குட்டையானது 'மாட்யூல் முழுதாக உள்ளே வந்துவிட்டது' என்று சொல்லும் ஊசி. அது தொட்ட பிறகே பெட்டி அந்த ஸ்லாட்டுக்கு மின்னோட்ட வரம்புள்ள சுவிட்ச் வழியாக மெதுவாக மின்சாரம் தர வேண்டும். ஒரு மாட்யூலில் ஷார்ட் ஆனால் அந்த ஸ்லாட் மட்டும் அணைய வேண்டும். இதை ஐஎஸ்ஓ 14971-ன் இடர் கோப்பில் ஒரு வரியாகவும், சோதனை அறிக்கையில் ஒரு பக்கமாகவும் காட்டலாம்.

உருவினால் என்ன ஆக வேண்டும்? அலைவடிவம் அமைதியாக மறைந்துவிடக் கூடாது. அளவீடு நின்றது என்று தொழில்நுட்ப அலாரம் வர வேண்டும். யாராவது பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை அது நிற்க வேண்டும். மறுபடி அதே மாட்யூலைச் செருகினால் அலாரம் வரம்புகள் எங்கிருந்து வரும் என்பது அதைவிட நுணுக்கமான கேள்வி. மின்சாரம் 30 விநாடிக்குள் திரும்பினால் பயனர் வைத்த அமைப்புகள் மாறக்கூடாது என்று ஈசிஜி தரநிலை சொல்கிறது. வரம்புகளை மாட்யூலில் சேமித்தால், இன்னொரு கட்டிலில் இருந்து வந்த மாட்யூல் வேறொரு நோயாளியின் வரம்புகளோடு வரும். பெட்டியில் சேமிப்பதே பாதுகாப்பு. நோயாளியோடு மாட்யூலும் இடம் மாறும் வடிவமைப்பு என்றால் இரண்டில் எது செல்லும் என்று பயனரிடம் திரையில் கேட்க வேண்டும். ஐஇசி 62366-1 பயன்பாட்டுச் சோதனையில் அதையும் வைக்க வேண்டும்.

கைப்பட்டை மாட்யூலில் ஒரு விஷயம் உயிரைத் தொடுவது. அழுத்தம் பெரியவருக்கு இயல்பில் 300 மில்லிமீட்டர் பாதரசத்தையும், பச்சிளங்குழந்தைக்கு 150-ஐயும் தாண்டக் கூடாது. பட்டை ஊதிய நிலையில் பெரியவருக்கு 180 விநாடி, பச்சிளங்குழந்தைக்கு 90 விநாடிக்கு மேல் இருக்கவும் கூடாது. இந்த இரண்டு காவலும் மாட்யூலுக்குள், அதன் முதன்மை நுண்செயலியை நம்பாத தனி வழியில் இருக்க வேண்டும். டைமரைப் பெட்டியின் மென்பொருளில் வைத்தால், பெட்டி உறைந்துபோன நிமிடத்தில் ஒரு குழந்தையின் கையில் பட்டை இறுகியபடியே நிற்கும். சோதனையும் எளிது: பட்டை உச்சத்தில் இருக்கும்போது மாட்யூலின் டேட்டா வழியை மட்டும் துண்டியுங்கள், பிறகு இன்னொரு முறை மாட்யூலையே உருவுங்கள். இரண்டிலும் வால்வு தானாகத் திறக்க வேண்டும். மின்சாரம் போனால் திறக்கும் வகை வால்வையே வாங்க வேண்டியது இதற்காகத்தான்.

வாங்கிப் போடும் பலகை

எஸ்பிஓ2 பலகையை அநேகமாக வெளியிலிருந்து வாங்குவார்கள். அந்தப் பலகையைச் செய்தவரிடம் 510(கே) இருக்கிறது, ஆகவே நமக்கு வேலை இல்லை என்பது பரவலான தவறு. அவருடைய கிளியரன்ஸ் அவர் காட்டிய கருவிக்கு. பத்துப் பேரிடம் 200 தரவுப் புள்ளிகள் எடுத்த மருத்துவத் துல்லிய ஆய்வை மறுபடி செய்யாமல் அவருடையதைச் சார்ந்திருக்கலாம். அதற்குச் சென்சார், கேபிள், பலகை, ஃபர்ம்வேர் பதிப்பு நான்கும் அந்த ஆய்வில் இருந்தவையே என்று எழுத்தில் வேண்டும். அதோடு, பலகை தரும் எண்ணைப் பெட்டி வேறு சராசரி போட்டுக் காட்டவில்லை, தாமதிக்கவில்லை என்று நீங்கள் நிறுவ வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கான ஆவணங்களைக் கேட்டு வாங்கும் உரிமையைப் பலகைக்கு விலை பேசும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தாளக் கோளாறைக் கண்டுபிடிக்கும் அல்காரிதத்துக்கு எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி தரவுத்தளத்தின் 48 அரைமணி நேரப் பதிவுகள் போன்றவற்றில் சோதிப்பார்கள். அல்காரிதம் மாட்யூலில் இருக்கிறதா பெட்டியில் இருக்கிறதா என்பது வெறும் மென்பொருள் விருப்பம் இல்லை. பெட்டியில் இருந்தால் பெட்டி மென்பொருளின் ஒவ்வொரு வெளியீட்டிலும் அந்தச் சோதனையைத் திரும்ப ஓட்ட வேண்டும். மாட்யூலில் இருந்தால் மாட்யூல் ஃபர்ம்வேர் மாறும்போது மட்டும் போதும். அலாரம் ஒலியும் நிறமும் எப்போதும் பெட்டியிலேயே இருக்கட்டும். அலாரங்களுக்கான 60601-1-8 தரநிலைச் சோதனை ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

பிறகு ஏதாவது மாறினால்

கிளியரன்ஸ் வாங்கிய பின் ஒரு உதிரிபாகம் கிடைக்காமல் போவதுதான் அதிகம் நடப்பது. 2017-ல் எஃப்டிஏ வெளியிட்ட மாற்ற வழிகாட்டுதலின்படி, அந்த மாற்றம் பாதுகாப்பையோ செயல்திறனையோ கணிசமாகப் பாதிக்கக்கூடுமா என்பதே கேள்வி. இல்லையென்றால் காரணத்தை எழுதிக் கோப்பில் வைத்தால் போதும். பின்தளத்தின் 12 வோல்ட் மாற்றியை வேறு வகைக்கு மாற்றினால் மாட்யூல்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும். கனெக்டர் விவரக்குறிப்பில் அலைவு, இறக்கம், அதிகபட்ச மின்னோட்டம் எல்லாம் எண்ணாக இருந்தால் 'புதியதும் அதே எண்களுக்குள்' என்று ஒரு பக்கத்தில் முடியும். அந்த எண்கள் எழுதப்படாமல் இருந்தால் மறுபடியும் எல்லாச் சேர்க்கையும்தான். தனித்தனியாகச் சிறிதாகத் தெரியும் மாற்றங்கள் சேர்ந்து பெரிதாவதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் கடைசியாகக் கிளியரன்ஸ் பெற்ற நிலையோடு ஒப்பிடுங்கள், போன மாத நிலையோடு அல்ல.

நெட்வொர்க்கில் இணையும் மானிட்டர் என்றால் 2023 மார்ச் 29 முதல் இணையப் பாதுகாப்புக்கான 524பி பிரிவும் சேரும். மென்பொருள் உட்கூறுப் பட்டியலில் பெட்டியின் இயங்குதளத்தை மட்டும் எழுதிவிட்டு மாட்யூல்களுக்குள் ஓடும் சிறு இயங்குதளமான ஆர்டிஓஎஸ்-ஐ மறந்துவிடுகிறார்கள். பெட்டி வழியாக மாட்யூலுக்கு ஃபர்ம்வேர் ஏற்ற முடியும் என்றால் மாட்யூலே கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் மருத்துவக் கருவிகளுக்கான 2017/745 ஒழுங்குமுறையின் பத்தாவது வகைப்படுத்தல் விதி, உயிர்க்குறிகளின் மாற்றம் உடனடி ஆபத்தாகக்கூடிய இடத்தில் வைக்கும் மானிட்டரை 2பி வகுப்பில் போடுகிறது. அதன் முதல் பின்னிணைப்பின் 14.1 பிரிவு, சேர்த்துப் பயன்படுத்தும் கருவிகளில் இணைப்பு ஏற்பாட்டையும் சேர்த்த முழுச் சேர்க்கையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. அமெரிக்க விண்ணப்பத்துக்காக எழுதிய கனெக்டர் விவரக்குறிப்பும் சேர்க்கை அட்டவணையும் இங்கே அப்படியே உதவும்.

லேபுக்கு மாதிரிகளை அனுப்பும்போது ஒவ்வொரு மாட்யூலிலும் மூன்று அனுப்புங்கள், என்ன வரிசையில் சோதிப்பது என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஒன்று மின்காந்தச் சோதனைக்கு மட்டும். இரண்டாவது டிஃபிப்ரிலேட்டருக்கு, அதன் பாதுகாப்பு மின்தடைகள் அதிர்ச்சியில் மெல்ல மாறிப்போவதால் வேறெந்தச் சோதனைக்கும் அதைத் தரக்கூடாது. மூன்றாவது, 93 சதவீத ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வைத்து, எடுத்த சூட்டில் கசிவும் தாங்குசோதனையும் செய்வதற்கு. அந்த மூன்றாவது மாட்யூலோடு ரேக்கையும் ஈரப்பத அறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பலகையின் மேல் ஃப்ளக்ஸ் (சால்டர் செய்யப் பூசும் பொருள்) மிச்சம் இருந்தால் உலர்ந்த மாதிரியில் 7 மைக்ரோ ஆம்பியர் காட்டிய கசிவு அங்கேதான் ஏறும்.